எரர் வந்தா முதல்ல பேசுறது யாருன்னு பாருங்க

2009, பாலிடெக்னிக் ரெண்டாவது வருசம், மதுரைக்கு மேக்க ஒரு காலேஜு. எனக்கு உசிலம்பட்டிப் பக்கம், பத்தாவது வரைக்கும் தமிழ் மீடியம், கம்ப்யூட்டர் முன்னாடி ஒழுங்கா உக்காந்ததே அந்த சி லேப்லதான். சி புரோகிராம் எழுதுற டர்போ சிங்கற பழைய சாஃப்ட்வேர், நீலக்கலர் ஸ்கிரீன். ரெக்கார்டு நோட்டுல இருந்த புரோகிராமை எழுத்து எழுத்தா பாத்து அடிச்சேன், கம்பைல் பண்ணா, அதாவது கம்ப்யூட்டர் பாஷைக்கு மாத்துனா, எரர் 0ன்னு காட்டுது, சக்சஸ்னு மின்னுது, சரின்னு ஓட்டிப் பாக்க கன்ட்ரோல் எஃப்9 அடிச்சா "லிங்கர் எரர், அன்டிஃபைன்ட் சிம்பல்"னு வந்து நிக்குது. இப்பத்தான எரர் இல்லன்னுச்சு, இப்ப எரர்ங்குதேன்னு எனக்கு ஒண்ணும் வெளங்கல. மேல இருக்குற இன்க்ளூட் வரியை அழிச்சு திருப்பி அடிச்சேன், செமிகோலனை எல்லாம் எண்ணிப் பாத்தேன், கடைசியில மொத்தத்தையும் அழிச்சுட்டு முதல்ல இருந்து அடிச்சேன், அதே எரர் அதே எடத்துல.

லேப் அசிஸ்டென்ட் அண்ணே ஒருத்தரு பைய வந்து பின்னாடி நின்னு பாத்துட்டு சொன்னாரு, "தம்பி, கம்பைலரு ஓகே சொல்லிட்டு அங்கிட்டுப் போயிருச்சு, இப்ப பேசுறது லிங்கரு. அது உன் புரோகிராமைப் படிக்காது, பேரைத்தான் தேடும். எந்தப் பேரைக் காணோம்னு சொல்லுது, அதை மட்டும் படி." படிச்சேன். ஸ்கிரீன்ல எழுத்தைக் காட்டுற பிரின்ட்எஃப்தான், ஆனா பி பெரிய எழுத்து. வாக்கியத்தோட முதல் எழுத்து கேப்பிட்டல்ல இருக்கணும்னு இங்கிலீஷ் வாத்தியார் அடிச்சு சொல்லிக் குடுத்தது கையில இருந்துருக்கு, வரியோட ஆரம்பத்துல வந்ததால என்னை அறியாம பெரிய எழுத்தாப் போட்டுட்டேன். பழைய சி-யில தெரியாத பேருள்ள ஃபங்ஷனைக் கூப்பிட்டாலும் கம்பைலர் "எங்கயாவது இருக்கும், பின்னாடி வரும்"னு நம்பி விட்ரும். லிங்கர்தான் தேடிப் பாத்துட்டு இல்லன்னு சொல்லும்.

அந்த அண்ணே சொன்ன அந்த ஒரு விசயத்தை வச்சுத்தான் இன்னைக்கு வரைக்கும் என் பொழப்பு ஓடுது. இப்ப ஒரு சின்ன கம்பெனியில சி, சி ப்ளஸ் ப்ளஸ் வேலை, ஞாயித்துக்கிழமை அண்ணா நகர்ல வீட்டு மாடியில ஏழெட்டுப் புள்ளைகளுக்கு சொல்லிக் குடுக்குறேன், எல்லாம் மேலூர், வாடிப்பட்டி, திருமங்கலம், உசிலம்பட்டின்னு பஸ் ஏறி வர்ற புள்ளைக. எரர் வந்த உடனே கை பதறி எதையாவது மாத்த ஆரம்பிச்சுருதுக, நான் அன்னைக்குப் பண்ண மாதிரியேதான். அதுகளுக்கு சொல்றதைத்தான் இங்க எழுதுறேன்.

உங்க சி ஃபைல் ஓடுற புரோகிராமா மாறுறதுக்கு நாலு கை மாறுது. முதல்ல ப்ரீப்ராசஸர், ஹாஷ் போட்டு எழுதுன இன்க்ளூட், டிஃபைன் எல்லாத்தையும் விரிச்சு ஒரே நீட்டா ஆக்கும். அப்புறம் கம்பைலர், அதை இலக்கணம் பாத்து அசெம்பிளியா மாத்தும். அசெம்பிளர் அதை மெஷின் பாஷையில டாட் ஓ ஃபைலா ஆக்கும். கடைசியா லிங்கர், எல்லா டாட் ஓ ஃபைலையும், ஏற்கனவே எழுதி வச்ச ஃபங்ஷன் அடங்குன லைப்ரரியையும் ஒண்ணாக் கோத்து ஓடுற ஃபைலா குடுக்கும். லினக்ஸ்ல சி-யைக் கம்பைல் பண்ற ஜிசிசின்னு ஒரே கமாண்டு அடிக்குறதால எல்லாத்தையும் ஒரே ஆளு செய்யுற மாதிரி தெரியுது. மைனஸ் சி போட்டு ஜிசிசி அடிச்சுப் பாருங்க, டாட் ஓ வரைக்கும் போயி நின்னுக்கும். அப்படி அடிச்சா எரர் வரல, மைனஸ் சி இல்லாம அடிச்சா மட்டும் வருதுன்னா அது லிங்கர் எரர்தான், கண்ணை மூடிக்கிட்டுச் சொல்லலாம்.

இந்த ரெண்டு பேருக்கும் உள்ள வித்தியாசம் மனசுல நின்னாப் போதும். கம்பைலருக்கு ஒரு நேரத்துல ஒரு ஃபைல் மட்டும்தான் தெரியும், பக்கத்து ஃபைல்ல என்ன இருக்குன்னு அதுக்குத் தெரியவே தெரியாது, ஆனா அந்த ஒரு ஃபைலுக்குள்ள டைப்பு (முழு எண்ணா, புள்ளி வச்ச எண்ணாங்கற ரகம்), இலக்கணம், அடைப்புக்குறி எல்லாம் தெரியும். லிங்கருக்கு எல்லா ஃபைலும் தெரியும், ஆனா பேரைத் தவிர ஒண்ணும் தெரியாது. கல்யாணப் பத்திரிகையில பேரு போடுறோம்ல, ஹெடர் ஃபைல்ங்கறது அதுதான், இன்னார் வருவார்னு பேரு அச்சடிச்சாச்சு, கம்பைலர் பத்திரிகையை மட்டும் பாத்துட்டு சரின்னுரும். மண்டபத்துல ஆளு வந்துருக்காரான்னு பாக்குறது லிங்கரு. பேரு இருக்கு, ஆளு வரலன்னா "அன்டிஃபைன்ட் ரெஃபரன்ஸ்". ஒரே பேருல ரெண்டு பேரு வந்து நானே மாமன், மரியாதை எனக்குத்தான்னு நின்னா "மல்டிபிள் டெஃபனிஷன்". இதுக்குப் போயி பத்திரிகையைத் திருப்பி அச்சடிச்சா ஆளு வந்துருவாரா? மேத் டாட் ஹெச் இன்க்ளூட் பண்ணிட்டேண்ணே, இருந்தும் ஸ்கொயர் ரூட் அன்டிஃபைன்ட்ங்குதேன்னு கேக்குற புள்ளைகளுக்கு இதைத்தான் சொல்லுவேன்.

இங்கிலீஷைப் பத்தியும் சொல்லணும், இதை யாரும் பேசுறதில்ல. தமிழ் மீடியத்துல இருந்து வர்ற புள்ளைக எரரைப் படிக்குறதே இல்ல, செவப்பு எழுத்தைப் பாத்த உடனே கண்ணு வழுக்கிக் கீழ போயிருது. ஆனா எரர்ல திரும்பத் திரும்ப வர்ற வார்த்தை மொத்தமே ஒரு இருவதுக்குள்ளதான் இருக்கும். எக்ஸ்பெக்டட்னா இங்க இன்னது வரும்னு எதிர்பாத்தேன், வரல. அன்டிக்ளேர்ட்னா இந்தப் பேரை எனக்கு யாரும் அறிமுகப்படுத்தல, இது கம்பைலர் பேசுறது. அன்டிஃபைன்ட்னா அறிமுகம் ஆச்சு ஆனா ஆளைக் காணோம், இது லிங்கர் பேசுறது. ரீடிக்ளரேஷன்னா ஒரே பேரை ரெண்டு தடவை சொல்லிட்ட. இன்கம்பாட்டிபிள்னா ரெண்டும் ஒட்டாது. இம்ப்ளிசிட்னா நீ சொல்லல, நானா நெனைச்சுக்கிட்டேன். எங்க மாடியில ஒரு நாப்பது பக்க நோட்டு கெடக்கு, புதுசா ஒரு எரரைப் பாத்தா அதை இங்கிலீஷ்ல எழுதி, பக்கத்துல அவனவன் பேசுற தமிழ்ல அர்த்தம் எழுதணும். மொழிபெயர்ப்பு வேணாம், வீட்டுல அம்மாகிட்ட சொல்ற மாதிரி எழுதுன்னு சொல்லிருக்கேன்.

கம்பைலர் எரர்ல முதல் எரரை மட்டும் பாருங்க, இதை எத்தனை தடவை சொன்னாலும் தகும். ஒரு அடைப்பு விட்டுப் போனா அதுக்குக் கீழ உள்ள எல்லாம் அதுக்குத் தப்பாத் தெரியும், அறுவது எழுவது எரர் கொட்டும், அம்புட்டும் ஒரே தப்போட பிள்ளைகதான். முதலாவதைத் திருத்து, உடனே திருப்பிக் கம்பைல் பண்ணு. ஜிசிசி கமாண்டுல மைனஸ் டபிள்யூஃபேட்டல் எரர்ஸ்னு சேத்துட்டா முதல் எரரோட நின்னுக்கும், புதுசாப் படிக்குறவங்களுக்கு இது பெரிய நிம்மதி. அப்புறம் அது சொல்ற வரி நம்பர், 12ன்னு சொன்னா தப்பு 11லயும் இருக்கலாம், செமிகோலன் இல்லன்னு அதுக்கு அடுத்த வார்த்தையைப் பாத்தாத்தான தெரியும். ஃபைலோட கடைசி வரியைக் காட்டி "அட் எண்ட் ஆஃப் இன்புட்"னு சொன்னா எங்கயோ மேல ஒரு பூப்போட்ட அடைப்பு மூடாமக் கெடக்குன்னு அர்த்தம், கடைசி வரியில தேடாதீங்க. ஹெடர் ஃபைலோட கடைசியில கிளாஸுக்கோ ஸ்ட்ரக்சருக்கோ செமிகோலன் போடாம விட்டா இன்னும் மோசம், எரர் வேற ஃபைல்ல காட்டும்.

இப்ப உள்ள புள்ளைகளுக்கு வர்ற ஒரு எரர் எங்க காலத்துல கெடையாது, "ஸ்ட்ரே 342 இன் புரோகிராம்"னு. வாட்ஸ்அப்ல நோட்ஸ் வரும், பிடிஎஃப் வரும், அதுல இருந்து காப்பி அடிச்சு ஒட்டுவாங்க. அதுல மேற்கோள் குறி வளைஞ்ச குறியா இருக்கும், அது நம்ம கீபோர்டுல உள்ள நேர் குறி இல்ல. எழுத்தை நம்பரா சேமிக்குற யுடிஎஃப்8 முறையில அது மூணு பைட்டு, எட்டடிமான எண்ல 342, 200, 234, அதைத்தான் ஒவ்வொண்ணா சொல்லிக் காட்டுது. 302, 240ன்னு வந்தா அது கண்ணுக்குத் தெரியாத ஒரு மாதிரி ஸ்பேஸ். ரெண்டுக்கும் மருந்து ஒண்ணுதான், அந்த எடத்தை அழிச்சுட்டு கையால அடிங்க. ஒரு பொண்ணு ரெண்டு நாளா இதோட போராடிட்டு எனக்கு கோடிங் வராதுங்கண்ணேன்னு அழுதுச்சு. கோடிங்ல அதுக்கு ஒரு கொறையும் இல்ல, ஒரு குறி வளைஞ்சிருக்கு, அவ்ளோதான்.

டர்போ சி-யில படிச்சுட்டு லினக்ஸுக்கு வர்றவங்களுக்கு முதல் அடி கானியோ டாட் ஹெச். "நோ சச் ஃபைல்"னுரும். அந்த ஹெடர் பழைய டாஸ் காலத்துச் சமாச்சாரம், சி மொழியோட ஸ்டாண்டர்டுல இல்லவே இல்ல. அந்த வரியையும், ஸ்கிரீனைத் துடைக்குற கிளியர்ஸ்கிரீன் வரியையும், கடைசியில உள்ள கெட்சிஹெச்சையும் எடுத்துருங்க, வாய்டு மெயினை இன்ட் மெயினா ஆக்குங்க.

இனி அந்தப் பால் கணக்குக் கதை. உசிலம்பட்டிக்கு அங்கிட்டு ஒரு ஊரு, அங்க இருந்து வர்ற பையன், அவங்க அம்மா ரெண்டு மாடு வச்சு சொசைட்டிக்குப் பால் ஊத்துறாங்க. கொழுப்பு எம்புட்டு, எஸ்என்எஃப் (கொழுப்பு இல்லாத திடப்பொருள்) எம்புட்டுன்னு பாத்துத்தான லிட்டருக்கு வெலை போடுவாங்க, அம்மாவுக்கு அந்தக் கணக்கு வெளங்கல, நானே ஒரு புரோகிராம் போட்டுத் தர்றேன்னு இவன் ஆரம்பிச்சான். நல்லா எழுதிருந்தான், ரெண்டு ஃபைலா பிரிச்சு, ஒண்ணுல மெயின், இன்னொண்ணுல வெலை கணக்குப் போடுற ஃபங்ஷன், கொழுப்பையும் எஸ்என்எஃப்பையும் டபுளா, அதாவது புள்ளி வச்ச எண்ணா வாங்கி வெலையை டபுளாத் திருப்பித் தருது. கம்பைல் ஆயிருச்சு, லிங்க்கும் ஆயிருச்சு, ஓடுது. ஆனா ஒரு நாளுக்கு வெலை 0 ரூபா, அடுத்த நாளுக்கு மைனஸ் போட்டு கோடிக்கணக்குல ஒரு நம்பர்.

ஃபார்முலாவை மூணு தடவை மாத்திட்டான். எங்கிட்ட காட்டுனப்ப நான் ஃபார்முலாவைப் பாக்கவே இல்ல, தம்பி, கம்பைல் பண்ணிக் காட்டுன்னேன். அடிச்சான், ஒரு வார்னிங் வந்து மேல போச்சு. அதைப் படின்னேன். "அண்ணே, அது வார்னிங்குதாண்ணே, எரர் இல்ல"ன்னான். இல்லப்பா, படி. "இம்ப்ளிசிட் டிக்ளரேஷன் ஆஃப் ஃபங்ஷன்"னு எழுத்துக் கூட்டிப் படிச்சான். நோட்டைப் பாரு, இம்ப்ளிசிட்னா என்ன எழுதிருக்கன்னேன். "நீ சொல்லல, நானா நெனைச்சுக்கிட்டேன்." சரி, என்ன நெனைச்சுக்கிச்சு?

நடந்தது இதுதான். மெயின் ஃபைலைப் படிக்குற கம்பைலருக்கு அந்த வெலை ஃபங்ஷனை யாரும் அறிமுகப்படுத்தல, ஹெடர் ஃபைல் போடல, ஃபங்ஷன் எதை வாங்கி எதைத் தரும்னு சொல்ற ஒரு வரி ப்ரோட்டோடைப் எழுதல. பழைய சி வழக்கப்படி அது இன்ட், அதாவது முழு எண், திருப்பித் தரும்னு தானா நெனைச்சுக்கிச்சு. அந்தப் பக்கம் ஃபங்ஷன் ஒழுங்காக் கணக்குப் போட்டு டபுளாத் தருது. நம்ம 64 பிட் கம்ப்யூட்டர்ல டபுள் விடை வந்து ஒக்கார்ற ரெஜிஸ்டர் (ப்ராசஸருக்குள்ள நம்பர் வைக்குற எடம்) வேற, இன்ட் விடை வர்ற ரெஜிஸ்டர் வேற. சரியான விடை அங்க கெடக்க, மெயின் இங்க வேற எடத்துல கையை விட்டு அங்க கெடந்த ஏதோ ஒரு நம்பரை எடுத்துட்டு வருது. லிங்கர் ஏன் சொல்லல? அதுக்குப் பேரு போதும், பேரு இருந்துச்சு, கோத்துருச்சு. கம்பைலருக்கு அந்தப் பக்கத்து ஃபைல் தெரியாது, லிங்கருக்கு டைப்பு தெரியாது, ரெண்டு பேருக்கும் நடுவுல இந்தத் தப்பு பூந்து வந்துருச்சு. அந்த நடுவுல நிக்கத்தான் ஹெடர் ஃபைல்னு ஒண்ணு இருக்கு. ஒரு ஹெடர்ல ப்ரோட்டோடைப் எழுதி ரெண்டு ஃபைல்லயும் இன்க்ளூட் பண்ணான், ஃபங்ஷன் எழுதுன ஃபைல்லயும் பண்ணணும், அப்பத்தான் பத்திரிகையில போட்டதும் வந்த ஆளும் ஒத்துப் போகுதான்னு கம்பைலர் பாக்கும். வெலை சரியா வந்துச்சு. அன்னைக்கே அம்மாவுக்கு போன் போட்டு மாசக் கணக்கைச் சொன்னான், நான் பக்கத்துலதான் இருந்தேன்.

1999ல வந்த சி ஸ்டாண்டர்டே இப்படி அறிமுகம் இல்லாமக் கூப்பிடக் கூடாதுன்னு எடுத்துருச்சு, ஆனா ஜிசிசி ரொம்ப வருசம் வார்னிங் மட்டும் குடுத்து விட்டுக்கிட்டு இருந்துச்சு, 2024ல வந்த ஜிசிசி 14லதான் இதை எரராவே ஆக்கிட்டாங்க. எனக்கு இதுல ரொம்ப சந்தோசம். ஆனா நெறைய லேப்ல இன்னும் பழசுதான் இருக்கு, அதனால கூடுதலா வார்னிங் காட்டச் சொல்ற மைனஸ் டபிள்யூ ஆல், மைனஸ் டபிள்யூ எக்ஸ்ட்ரா ரெண்டையும் போடாம ஒரு நாளும் கம்பைல் பண்ணாதீங்க. வார்னிங்கை எரர் மாதிரியே மதிங்க.

லிங்கர்ல புள்ளைக அதிகமா மாட்டுற எடம் லைப்ரரி. ஸ்கொயர் ரூட் போட்டா அன்டிஃபைன்ட் ரெஃபரன்ஸ் வரும், கணக்கு லைப்ரரியைச் சேக்க மைனஸ் எல்எம் போடுன்னு யாராவது சொல்லுவாங்க, ஃபைல் பேருக்கு முன்னாடி போடுவாங்க, அதே எரர் வரும். உபுண்டுல இது கட்டாயம் நடக்கும். லிங்கர் எடமிருந்து வலமா ஒரே நடையாப் போற ஆளு. கீழமாசி வீதியில மளிகைச் சீட்டைக் குடுத்து ஒரு பையனை அனுப்புறோம்னு வைங்க, ஒவ்வொரு கடையாத் தாண்டுறப்ப கையில உள்ள சீட்டுல அந்தக் கடைச் சாமான் இருந்தா வாங்குவான், இல்லாட்டி நடந்துக்கிட்டே இருப்பான், திரும்பி வர மாட்டான். புளிக்கடையைத் தாண்டுன பின்னாடி சீட்டுல புளின்னு எழுதி என்ன பிரயோசனம். மைனஸ் எல்எம் முதல்ல இருந்தா அந்த நேரத்துல யாருமே ஸ்கொயர் ரூட் கேக்கல, லைப்ரரியை விட்டுட்டுப் போயிரும். அதனால கேக்குறவன் முன்னாடி, குடுக்குறவன் பின்னாடி, லைப்ரரி எப்பவும் கமாண்டோட கடைசியில. ஒரு லைப்ரரி இன்னொண்ணை நம்பி இருந்தாலும் இதே வரிசைதான்.

இதுல ஒரு வேடிக்கை, ஸ்கொயர் ரூட்டுக்குள்ள நேரா 16ன்னு நம்பரைப் போட்டா மைனஸ் எல்எம் இல்லாமலே ஓடும், எக்ஸ்னு வேரியபிளைப் போட்டா எரர் வரும். 16க்கு விடை 4ன்னு கம்பைலரே கணக்குப் போட்டு எழுதிருது, லைப்ரரியைக் கூப்பிடவே இல்ல. இது தெரியாம "நேத்து ஓடுச்சுண்ணே"ன்னு நிறையப் பேரு வந்துருக்காங்க, அவங்க சொன்னது உண்மைதான்.

மல்டிபிள் டெஃபனிஷனுக்கு என் வேலையில நடந்ததைச் சொல்றேன். வருசக்கணக்கா ஓடிக்கிட்டு இருந்த ஒரு பழைய சி புரோகிராம், உபுண்டு 18.04ல இருந்து 22.04க்கு மாத்துன அன்னைக்கு ஒரு வரி மாத்தாமலே லிங்கர் எரரா கொட்டுச்சு. எல்லாம் ஹெடர் ஃபைல்ல எக்ஸ்டர்ன் (இது வேற எடத்துல இருக்குன்னு மட்டும் சொல்ற வார்த்தை) போடாம எழுதி வச்ச குளோபல் வேரியபிள். அந்த ஹெடரை பத்து ஃபைல் இன்க்ளூட் பண்ணா பத்து டாட் ஓ-லயும் அதே பேருல ஒரு வேரியபிள் பொறக்கும். முன்னாடி ஜிசிசி அதையெல்லாம் ஒண்ணா சேத்து விட்ரும், 2020ல வந்த ஜிசிசி 10ல இருந்து அந்தப் பழக்கத்தை நிப்பாட்டிட்டாங்க. மைனஸ் எஃப்காமன்னு போட்டா பழைய மாதிரி விட்ரும், அவசரத்துக்கு அது போதும். நான் உக்காந்து ரெண்டு நாளு எடுத்து ஹெடர்ல எல்லாத்துக்கும் எக்ஸ்டர்ன் போட்டு, ஒரே ஒரு சி ஃபைல்ல மட்டும் எக்ஸ்டர்ன் இல்லாம எழுதுனேன். ஹெடர் ரெண்டு தடவை வராமத் தடுக்குற இன்க்ளூட் கார்டு போட்டுருக்கோமே அப்புறம் எப்படின்னு கூட வேலை பாத்த தம்பி கேட்டாரு. கார்டு ஒரே ஃபைலுக்குள்ள ரெண்டு தடவை வராமத்தான் காக்கும். அடுத்த ஃபைலை கம்பைலர் எடுக்குறப்ப எல்லாம் புதுசா ஆரம்பிக்குது.

சி ப்ளஸ் ப்ளஸ்ஸுக்கு வெரசா மூணே மூணு. எஸ்டிடி சிஅவுட்டையே காணோம்னு லிங்கர் சொன்னா ஜி ப்ளஸ் ப்ளஸ்ஸுக்குப் பதிலா ஜிசிசின்னு அடிச்சிருப்பீங்க. "விடேபிள் ஃபார்"னு ஒரு கிளாஸ் பேரோட வந்தா, அந்தக் கிளாஸ்ல டிக்ளேர் பண்ண வெர்ச்சுவல் ஃபங்ஷன் ஒண்ணுக்கு உடம்பு எழுதாம விட்டுருக்கீங்க, இல்லாட்டி எழுதுன ஃபைலைக் கமாண்டுல சேக்கல. சி-யில எழுதுன லைப்ரரியை சி ப்ளஸ் ப்ளஸ்ல இருந்து கூப்பிட்டு, இருக்குற ஃபங்ஷனையே இல்லன்னு சொன்னா, ஹெடரை எக்ஸ்டர்ன் சி-க்குள்ள போடணும், ஏன்னா சி ப்ளஸ் ப்ளஸ் ஃபங்ஷன் பேரோட ஆர்கியுமென்ட் டைப்பையும் ஒட்டி வேற பேரா மாத்திரும், சி மாத்தாது. சந்தேகமா இருந்தா என்எம்னு ஒரு கமாண்டு இருக்கு, டாட் ஓ ஃபைலைக் குடுத்தா உள்ள உள்ள பேரையெல்லாம் காட்டும், டி போட்டிருந்தா அந்த ஃபங்ஷன் உள்ளயே இருக்கு, யு போட்டிருந்தா வெளிய தேடுது. எனக்கு இந்த என்எம்மை அந்தக் காலத்துலயே யாராவது காட்டிருக்கக் கூடாதான்னு இருக்கும்.

விண்டோஸ்ல "வின்மெயின்"ஐக் காணோம்னு வந்தா முக்காவாசி நேரம் ஃபைலை சேவ் பண்ணாமக் கம்பைல் பண்ணிருப்பீங்க, உள்ள மெயினே இல்ல. "பெர்மிஷன் டினைடு"ன்னு வந்தா முன்னாடி ஓட்டுன கறுப்பு விண்டோ இன்னும் மூடாம இருக்கும். கடைசி வரியா வர்ற "எல்டி ரிட்டர்ன்ட் 1 எக்ஸிட் ஸ்டேட்டஸ்" இருக்குல்ல, அதைத் தேடிக்கிட்டு அலையாதீங்க, லிங்கர் வேலை முடியலன்னு மட்டும்தான் அதுக்கு அர்த்தம், காரணம் அதுக்கு மேல உள்ள வரியில இருக்கு.

போன வாரம் அந்தப் பால் கணக்குப் பையன் ராத்திரி போன் பண்ணான். கணக்கை எல்லாம் சேத்து வைக்க எஸ்க்யூலைட்டுங்கற டேட்டாபேஸ் லைப்ரரி போட ஆரம்பிச்சிருக்கான்.

"அண்ணே, எரருண்ணே. கம்பைலரு இல்ல, லிங்கரு பேசுது."

"என்ன பேரைக் கேக்குது?"

"எஸ்க்யூலைட்3 ஓப்பன், எஸ்க்யூலைட்3 எக்ஸெக், எல்லாம் அதோட பேருதாண்ணே. மைனஸ் எல் போட்டுத்தான் இருக்கேன்."

"எங்கிட்டு போட்ருக்க?"

கொஞ்ச நேரம் சத்தம் இல்ல. பின்னாடி மாடு கத்துறது கேட்டுச்சு, அப்புறம் கீபோர்டு தட்டுற சத்தம்.

"போயிருச்சுண்ணே."